மணி அடித்தால் அடுத்த மேஜை

மைசூரு நர்சிங் மாணவிகளுக்குப் புதுப் பரீட்சை ஒன்று வாய்த்திருக்கிறது. ஒரு மேஜையில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். அடுத்ததில் பொம்மைக் கையில் ஊசி போட வேண்டும். சில நிமிடங்களில் மணி அடிக்கும். பாதி வேலையை விட்டுவிட்டு நகர வேண்டியதுதான். தேர்வாளர் வாய் திறப்பதில்லை, பட்டியலில் டிக் அடிக்கிறார். கை கழுவ மறந்தால் மதிப்பெண் போச்சு.

'ஆஸ்கி' எனப்படும் இம்முறையை ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் குழு 1975இல் மருத்துவ மாணவர்களுக்காக அறிமுகப்படுத்தியது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் அறிவித்த பி.எஸ்ஸி. பாடத்திட்டத்திலும் இது நுழைந்துவிட்டது.

பழைய செய்முறைத் தேர்வில் அதிர்ஷ்டம் பேசியது. ஒருத்திக்குச் சாதுவான நோயாளி, இன்னொருத்திக்குச் சிடுசிடுக்கும் தேர்வாளர். இப்போது எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே பட்டியல். நியாயம்தான், ஆனால் கை நடுங்குகிறது என்பதே பல நாட்டு ஆய்வுகளிலும் மாணவிகள் சொல்லும் பதில்.

உண்மையான சிக்கல் மொழி. கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் படிக்க வந்தவர்களுக்கு வார்டில் கன்னடம் வேண்டும். பாட்டி 'நோவு' என்றால் தமிழ்ப் பெண்ணுக்குப் புரியும். எங்கே, எப்போதிலிருந்து என்று திருப்பிக் கேட்பதில்தான் தடுமாற்றம். நோயாளியாக நடிக்க ஆள் வைக்கவும் ஆஸ்கியில் வழி உண்டு. பொம்மை வைப்பது சுலபம். அது எந்த மொழியிலும் முனகுவதில்லை.