காசு இல்லாமல் ஓர் அச்சுக்கூடம்!

சேலத்தில் இருந்து மலை ஏறினால் ஏற்காடு. சுமார் 5,000 அடி உயரம். காப்பித் தோட்டமும், ஏரியும், குளிர்ந்த காற்றும் வருகிறவர்களின் மனதைக் கொள்ளை கொள்ளும்.

ஆனால், கண்ணுக்குத் தெரியாத செல்வம் ஒன்றும் சேர்வராயன் மலையில் உண்டு. அது, அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பாட்டும் கதையும்!

மலையாளி என்றதும் கேரளத்துக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சீபுரத்தில் இருந்து அண்ணன்-தம்பி மூன்று பேர் வந்து, மலைகளில் குடியேறினார்கள் என்றும், தாங்கள் அவர்களின் வழிவந்தவர்கள் என்றும் இவர்கள் சொல்வது உண்டு.

இந்தக் கதை வாய்வழியாக வந்தது. பாட்டி சொன்னாள், பேத்தி கேட்டாள். சொல்லாமலே பாட்டி கண்ணை மூடிவிட்டால்? கதையும் அவளோடு போய்விடும்!

அதைக் காக்க முன்பு ஒலிப்பதிவுக் கூடமும் அச்சுக்கூடமும் தேவைப்பட்டன. இன்று ஒரு செல்போனும் ஒரு கம்ப்யூட்டரும் போதும். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் கட்டளைத் தொகுப்பை மென்பொருள் என்கிறார்கள். இந்த வேலைக்கு வேண்டிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இரைச்சல் நீங்க...

ஒலியைத் திருத்த உதவுவது "ஆடாசிட்டி". அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொமினிக் மசோனி, ரோஜர் டேனன்பர்க் என்ற இருவர் 1999-ம் ஆண்டில் இதைத் தொடங்கினார்கள். மறு ஆண்டே வெளியிட்டார்கள்.

பாட்டி பாடுகிறாள். பேத்தி செல்போனில் பதிவு செய்கிறாள். பாட்டோடு "உஸ்" என்ற ஒரே சீரான இரைச்சலும் சேர்ந்துவிடுகிறது. என்ன செய்வது?

பாட்டு தொடங்குமுன் சில வினாடி யாரும் பேசாமல் பதிவு செய்ய வேண்டும். அந்த இடத்தில் இரைச்சல் மட்டும் இருக்கும். அதை ஆடாசிட்டிக்குக் காட்டினால், "இதுதான் களை" என்று அடையாளம் கண்டுகொள்ளும். பிறகு பாட்டு முழுவதிலும் அதைக் குறைத்துவிடும். அளவு மீறினால் பாட்டியின் குரலும் கெட்டுப் போகும். ஆகவே, முதல் பதிவை அழிக்காமல் தனியே வைக்க வேண்டும்.

பேராசிரியரின் கோபம்

அடுத்தது புத்தகம். ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிய காலம் போய்விட்டது.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு க்னூத். 1977-ம் ஆண்டில் இவரது புத்தகத்தின் புதிய பதிப்பு அச்சுக்குப் போயிற்று. திருத்துவதற்கு வந்த தாள்களைப் பார்த்தார். எழுத்துக்கள் அவருக்குப் பிடிக்கவே இல்லை! தாமே ஒரு வழி காண்பது என்று இறங்கினார். ஓர் ஆண்டில் முடியும் என்று எண்ணிய வேலை சுமார் 10 ஆண்டுகளை விழுங்கியது. அதுதான் "டெக்". அதை அவர் உலகத்துக்கு இலவசமாகவே கொடுத்தார். பிழை கண்டுபிடித்தவர்களுக்குப் பரிசும் கொடுத்தார்!

2004-ம் ஆண்டில் ஜோனதன் கியூ என்பவர் "ஸீடெக்" என்ற புதிய வடிவத்தை வெளியிட்டார். யூனிகோடு முறையில் தட்டிய தமிழை அப்படியே அழகாகக் கோத்துத் தரும். கட்டளைகளைப் பழகுவது கடினமாகத் தோன்றினால், "லிப்ரே ஆபீஸ்" இருக்கிறது. தட்டியது தட்டியபடி திரையில் தெரியும்.

விதை போன்றது

இலவசம் என்பது மட்டும் இவற்றின் பெருமை அல்ல. நல்ல விதை ஒன்று கிடைத்தால் விதைக்கலாம்; ஆராயலாம்; மேம்படுத்தலாம்; அடுத்த வீட்டுக்கும் கொடுக்கலாம். மென்பொருளுக்கும் இந்த நான்கு உரிமைகள் வேண்டும் என்று அமெரிக்கர் ரிச்சர்டு ஸ்டால்மன் போராடினார். 1983-ம் ஆண்டில் அவர் அதற்கான பணியை அறிவித்தார்.

தமிழர்களும் சும்மா இருக்கவில்லை. 1998-ம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய "மதுரைத் திட்டம்" பழந்தமிழ் நூல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி எல்லாருக்கும் வழங்கியது. இப்படிப்பட்ட மென்பொருள்களைத் தமிழிலேயே விளக்க, 2012-ம் ஆண்டில் "கணியம்" மின்னிதழ் தோன்றியது.

ஒன்றை மறக்கக் கூடாது. பாட்டைப் பதிவு செய்யுமுன் பாட்டியின் சம்மதம் கேட்க வேண்டும். புத்தகத்தில் அவள் பெயர் இருக்க வேண்டும்.

மென்பொருள் நாளைக்கும் கிடைக்கும். பாட்டியின் வயது காத்திருக்காது. இன்று இரவே பேத்தி கேட்கட்டும்: "பாட்டி, ஒரு கதை சொல்லு!"