பட்டியலும் பாதுகாப்பும்: பாரத் இன்சூரன்ஸ் கட்டட வழக்கை முன்வைத்து

முன்னுரை

பழமை ஒன்றே ஒரு கட்டடத்தைக் காப்பதில்லை. சட்டத்தின்வழி பெயர் சுட்டிக் குறிக்கப்பட்ட கட்டடமே காக்கப்படுகிறது. சென்னை அண்ணா சாலையிலுள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தின் வழக்கைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டங்களின் எல்லை

1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், நூறாண்டு கடந்தவற்றுள் தேசிய முக்கியத்துவம் உடையவை என அறிவிக்கப்பட்ட சின்னங்களைக் காக்கிறது. 1966ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டம், மாநில அரசு அறிவிக்கும் சின்னங்களைக் காக்கிறது. கோயில்களும் கோட்டைகளும் இவற்றில் இடம்பெற, மக்கள் புழங்கிய வீடுகளும் கடைகளும் அலுவலகங்களும் பெரும்பாலும் விடுபட்டன.

வழக்கு உணர்த்துவது

1897இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் இந்தோ-சாரசெனிக் பாணியிலானது; ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் உடைமை. 2006இல் அதனை இடிக்கத் தொடங்கியபோது அது நூறாண்டைக் கடந்திருந்தது. எனினும் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்படவில்லை. இன்டாக் அமைப்பு சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியதால் இடிப்பு நின்றது. 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு, மரபுக் கட்டடங்களை ஆராய்ந்து காக்க மரபுப் பாதுகாப்புக் குழுவொன்றை அமைக்கப் பணித்தது. அவ்வழக்கில் துணைநின்றது நீதிபதி பத்மநாபன் குழுவின் பட்டியலாகும். அது விளம்பரப் பலகைகளை ஒழுங்குபடுத்தும் பொருட்டுத் தொகுக்கப்பட்டது. வேறொரு நோக்கில் உருவான பட்டியலே கட்டடத்திற்கு அரணானது என்பது கருதத்தக்கது.

உள்ளூர் விதிகள்

மும்பையில் 1995இல் நடைமுறைக்கு வந்த மரபு விதிகள் நகரத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் அமைந்தவை. அவை கட்டடங்களை மூன்று தரங்களாகப் பகுத்து, தரத்திற்கேற்ப மாற்றங்களை அனுமதிக்கின்றன. உரிமையாளர் இழக்கும் கட்டுமான வாய்ப்பை வேறிடத்தில் பயன்படுத்தவும் வழி செய்கின்றன. பராமரிப்புச் சுமையை உரிமையாளர்மேல் மட்டும் ஏற்றினால், இடிக்கத் தடை இருந்தும் கட்டடம் புறக்கணிப்பால் தானே சரியும். எனவே தடையும் ஈடும் இணைந்திருத்தல் வேண்டும்.

முடிவுரை

2012இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2024இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் பயன் பெருநகரோடு நின்றுவிடலாகாது. திருத்தணியை அடுத்த அம்மையார்குப்பம் போன்ற நெசவூர்களில் எந்தக் கட்டடம் காக்கத்தக்கது என்பதை முதலில் அவ்வூரிலேயே கண்டறிய வேண்டும். கட்டிய ஆண்டு, கட்டியோர், பயன்பாடு, உரிமை, இன்றைய நிலை ஆகியவற்றைக் களஆய்வில் பதிந்து உள்ளாட்சி அமைப்பிடம் அளிப்பது ஆய்வாளர்களால் இயலும் பணி. இடிப்பிற்கு முன் எழுதப்படும் பதிவே சட்டத்திற்குப் பயன்படும். பின் எழுதப்படுவது வரலாற்றுக் குறிப்பாக மட்டுமே எஞ்சும்.