கம்பளியை மடித்துக் கீழே போடுங்கள்

ராஜஸ்தான் சுற்றுலா போகிறவர்கள் பலர் இப்போது ஜெய்சல்மேர் கோட்டையைப் பார்த்ததோடு திரும்பிவிடுவதில்லை. அங்கிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் சாம் மணல்மேடுகளுக்கோ, தென்மேற்கே இருக்கும் குரி கிராமத்துக்கோ போய், ஒட்டகச் சவாரி முடித்து, ஓர் இரவு கூடாரத்தில் தங்குகிறார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன் என்று எல்லாமே பகலுக்கானவை. இரவுக்கு ஒரு சால்வை இருக்கும். ஜனவரியில் ஜெய்சல்மேரின் பகல் 23, 24 டிகிரி. விடியற்காலை 7, 8 டிகிரி, சில நாட்களில் அதற்கும் கீழே. அதே மாதம் சென்னையில் விடியற்காலையில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். விவரம் தெரிந்து தயாராகப் போகிறவர்களும், கடைக்குப் போய் வாங்குவது கனமான போர்வையைத்தான். பாலைவனக் கூடாரத்தில் நன்றாகத் தூங்க வேண்டுமானால் காசையும் கவனத்தையும் முதலில் முதுகுக்குக் கீழே செலவிட வேண்டும். மேலே போர்த்துவது அதற்கு அடுத்த கவலை. கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றினாலும், அங்கே குளிர் எப்படி வருகிறது என்று பார்த்தால் இது விளங்கும்.

பகலில் வெந்த பூமி இரவில் தன் வெப்பத்தை வானத்துக்கு வீசுகிறது. கடலோர ஊர்களில் காற்றிலுள்ள நீராவியும் மேகமும் அதில் பெரும்பகுதியைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடும். தார் பாலைவனத்தின் குளிர்கால வானத்தில் இரண்டும் குறைவு. திறந்த வானம் எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சும் என்பதற்கு ஐஸ் பெட்டி இல்லாத காலத்து இந்தியாவே சாட்சி. அலகாபாத்தில் பனிக்கட்டி தயாரித்த முறையை ராபர்ட் பார்க்கர் 1775இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார். திறந்தவெளியில் ஆழமில்லாத பள்ளம் தோண்டி, கரும்புச் சக்கையையோ காய்ந்த சோளத்தட்டையையோ கனமாகப் பரப்பி, அதன் மேல் சிறு மண்தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். காற்றின் வெப்பம் உறைநிலைக்குச் சற்று மேலே இருந்தாலும், விடிவதற்குள் தட்டில் பனிக்கட்டி படிந்திருக்கும். கீழே பரப்பிய சக்கை எதற்கு? தரைக்கும் தட்டுக்கும் இடையே வெப்பம் போய்வராமல் தடுக்கத்தான். 1814இல் பனித்துளி பற்றி நூல் எழுதிய வில்லியம் சார்லஸ் வெல்ஸ் இன்னொரு சோதனை செய்தார். புல்தரைக்குச் சில அங்குலம் மேலே மெல்லிய கைக்குட்டை ஒன்றைக் குச்சிகளில் விரித்துக் கட்டினார். அதன் கீழே இருந்த புல், வானத்தைப் பார்த்துக் கிடந்த புல்லைவிடச் சில டிகிரி வெதுவெதுப்பாக இருந்தது. கைக்குட்டைக்கே அந்தச் சக்தி இருந்தால், கூடாரத் துணிக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, வானத்தின் கணக்கைக் கூடாரம் பாதி தீர்த்துவிடுகிறது. தரையின் கணக்கு அப்படியே நிற்கிறது.

‘பகலெல்லாம் வெயிலில் காய்ந்த மணல் இரவில் கதகதப்பாகத்தானே இருக்கும்?’ என்று கேட்கலாம். மாலை ஏழு மணிக்கு அது உண்மை. காய்ந்த மணலில் வெப்பம் ஆழமாக இறங்குவதில்லை. மேலே உள்ள சில அங்குலம் மட்டும் சட்டென்று சூடாகி, அதே வேகத்தில் ஆறிவிடும். ஓர் அடிக்குக் கீழே பகல் இரவு வித்தியாசம் ஏறக்குறைய இல்லாமல் போய், நாளின் சராசரி வெப்பமான 15 டிகிரியை ஒட்டியே இருக்கும். நம் தோலோ 33 டிகிரியை ஒட்டியது. எட்டு மணி நேரம் அசையாமல் படுத்திருக்கும் உடம்பிலிருந்து வெப்பம் கீழ்நோக்கி வடிந்துகொண்டே இருக்கும். ஈரக் களிமண்ணையும் பாறையையும்விடக் காய்ந்த மணல் மெதுவாகத்தான் வெப்பத்தைக் கடத்தும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கூடாரம் மணல்மேட்டின் உச்சியில் இருக்காது. மேட்டை ஒட்டிய இறுகிய தரையிலோ, சரளைக்கல் நிலத்திலோதான் பெரும்பாலும் அடிப்பார்கள். இரண்டு மேடுகளுக்கு நடுவில் உள்ள பள்ளம் காற்றுக்கு மறைவாக இருக்கும் என்று அங்கே அடிப்பவர்கள், இரவில் கனத்து இறங்கும் குளிர்ந்த காற்று வந்து தேங்குவதும் அதே பள்ளத்தில்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் கனமான ஸ்லீப்பிங் பேக் ஒன்று வாங்கினால் போதாதா? போதாது. பஞ்சானாலும் இறகானாலும் கம்பளியானாலும் குளிரைத் தடுப்பது அதற்குள் அகப்பட்டிருக்கும் காற்றுதான். மேலே உள்ள பாதி உப்பிக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். உடம்பின் கீழே அகப்பட்ட பாதி நசுங்கி அப்பளமாகிவிடும். இதனால்தான் ஐ.எஸ்.ஓ. 23537 தரப்படி இந்தப் பைகளைச் சோதிக்கும்போது, சூடேற்றிய பொம்மை மனிதனை வெறுந்தரையில் கிடத்துவதில்லை. அடியில் ஒரு பாய் போட்டே அளக்கிறார்கள். பையின் சீட்டில் இருக்கும் வெப்ப எண் பாயையும் சேர்த்துச் சொன்ன எண். அதிலும் ‘கம்ஃபர்ட்’ என்ற எண்ணை மட்டும் பார்க்க வேண்டும். ‘எக்ஸ்ட்ரீம்’ என்று போட்டிருப்பது உயிர் பிழைப்பதற்கான எல்லை. அதை நம்பி வாங்கினால் தூக்கம் கிடையாது.

அடியில் போடுவதற்குக் கடையில் கண்ணைக் கவர்வது காற்று மெத்தை. கைவிரலால் அழுத்திப் பார்த்தால் வீட்டுக் கட்டில்போல் இருக்கும். பாலைவனத்துக்கு அது சரிப்படாது என்பதே என் தீர்ப்பு. உள்ளே தடுப்பு எதுவும் இல்லாத பெரிய அறையில், உடம்பு சூடாக்கிய காற்றும் தரை குளிர்வித்த காற்றும் நாம் புரளும்போதெல்லாம் கலந்துவிடும். அரை அடி உயரம் இருந்தும் வெப்பம் கசியும். பிற்பகலில் கூடாரத்துக்குள் 35 டிகிரியில் ஊதி இறுக்கிய மெத்தை, விடியற்காலை 8 டிகிரிக்கு வரும்போது உள்ளிருக்கும் காற்று ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு சுருங்கியிருக்கும். ஓட்டை இல்லாமலே மெத்தை தொய்ந்து, இடுப்பு தரையைத் தொடும். ஓட்டையும் விழாமல் இருக்காது. கருவேல முள் கிடக்கும் நிலம் அது. இதற்கு மாறாக, சுருட்டிக் கட்டிக்கொண்டு போகும் சாதாரண ஃபோம் பாயில் நுண்ணிய காற்றறைகள் தனித்தனியே மூடிக் கிடக்கின்றன. முள் குத்தினாலும் ஒன்றும் ஆகாது. குளிரைத் தடுக்கும் திறனை ‘ஆர் மதிப்பு’ என்று அளக்கிறார்கள். 2018இல் இதற்கு ஏ.எஸ்.டி.எம். எஃப்3340 என்ற பொதுத் தரம் வந்தது. நல்ல ஃபோம் பாயின் மதிப்பு 2ஐ ஒட்டி இருக்கும். இந்த மதிப்பில் ஒரு வசதி, ஒன்றின் மேல் ஒன்று போட்டால் அப்படியே கூட்டிக்கொள்ளலாம். தார் பாலைவன ஜனவரிக்கு இரண்டு ஃபோம் பாய் தாராளம். ஃபோம் கெட்டியாக இருக்கிறது, முதுகு வலிக்கும் என்பது நியாயமான குறை. மணல் தரையானால் பாயை விரிப்பதற்கு முன் இடுப்பும் தோளும் வரும் இடத்தில் கையால் இலேசாகப் பள்ளம் பறித்துவிட்டால் குறை பெருமளவு தீரும். மணல் மெத்தென்று இருக்கும், பாயே வேண்டாம் என்பவர்கள் ஒரு மணி நேரம் படுத்துப் பார்க்கட்டும். உடம்பு அழுந்திய மணல் திரும்ப எழாது, கல்லாய் இறுகிவிடும்.

பாலைவனத்துக்காரர்கள் கயிற்றுக் கட்டிலில்தானே படுக்கிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. கோடையில் அதற்கு நிகர் எதுவும் இல்லை. கீழேயும் காற்று ஓடும். அந்தக் காற்றே குளிர்காலத்தில் எதிரி. கட்டிலின் பின்னல் வழியே ஏறும் குளிர் தரைக்குளிருக்குச் சளைத்ததல்ல. ஆகவே குளிர்காலத்தில் கட்டிலில் படுத்தாலும் அடியில் பழந்துணிகளை அடுக்கித் தைத்த மெத்தைவிரிப்பு வேண்டும். ஒட்டகப் பயணத்தில் மணலில் தங்கும் வழிகாட்டிகளும், பகலில் சேணத்தின் மேல் போட்டிருந்த தடித்த விரிப்புகளை இரவில் படுக்கையாக்கிக்கொள்வது வழக்கம். போர்ப்பது ஒன்று என்றால் விரிப்பது இரண்டு. ஆனாலும் கட்டிலுக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டும். கட்டுவிரியன் இனப் பாம்புகள் தரையில் தூங்குகிறவர்களின் படுக்கைக்குள் வருவது இந்தியா முழுவதும் தெரிந்த ஆபத்து. சுருட்டை விரியனும் தேளும் தார் மண்ணின் குடிகளே. நல்ல குளிரில் இவற்றின் நடமாட்டம் குறைவு. அக்டோபரிலும் மார்ச்சிலும் போகிறவர்கள், அடித்துணியோடு சேர்த்துத் தைத்த, ஜிப் முழுதாக மூடும் கூடாரம் இல்லையென்றால், கட்டிலும் கொசுவலையுமாகப் படுப்பதே புத்தி.

மேலே போர்த்துவதற்கு ஒரே தடிப் போர்வையைவிட மெல்லியதாக இரண்டு மூன்று நல்லது. ஒன்பது மணிக்கு ஒன்று போதும், நாலு மணிக்கு மூன்றும் வேண்டும். மென்பஞ்சு வைத்துத் தைத்த ஜெய்ப்பூர் ரஜாய் கனமில்லாதது, அந்த ஊரிலேயே வாங்கலாம். செயற்கை இழைப் போர்வை வறண்ட காற்றில் மின்னேற்றம் பெற்று மணலை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். இருட்டில் உதறினால் பொறி பறக்கும். கம்பளிக்கு இந்தத் தொல்லை குறைவு, கணப்பிலிருந்து தெறிக்கும் பொறியிலும் உருகாது. ஒட்டுமுள் புல்லில் மட்டும் அதைப் போடக் கூடாது. அப்புறம் முள் பொறுக்கவே ஒரு நாள் வேண்டும். இரவு முழுக்க விடும் மூச்சில் ஒரு டம்ளர் அளவுக்கு நீர் வெளியேறுகிறது, அது போர்வையில் படியாமலிருக்கக் கூடாரத்தின் மேல் ஜன்னலைச் சிறிது திறந்து வைக்க வேண்டும். எவ்வளவு குளிரானாலும் கரியடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

முகாம்களிலேயே கட்டில், மெத்தை எல்லாம் தருகிறார்களே, நாம் ஏன் இதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். தருகிறார்கள்தான், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே தரத்தில் இல்லை. முன்பதிவு செய்யும்போது சாப்பாடு சைவமா என்று கேட்பதோடு, மெத்தை எவ்வளவு தடிமன், ஆளுக்கு எத்தனை ரஜாய் என்றும் கேளுங்கள். போய் இறங்கியதும், ஆள் குறைவாக இருக்கும் மாலை நேரத்திலேயே, கூடுதலாக ஒரு ரஜாய் வாங்கி மெத்தை மேல் விரித்துவிடுங்கள். நள்ளிரவில் கேட்டால் கிடைக்காது.