ஒரே பேதி, இரு பகைவர்

விஜயநகரில் அறையெடுத்துத் தங்கிப் படிக்கும் நமக்கு வயிற்றுப்போக்கு பெரிய செய்தியன்று. கஞ்சியும் மோரும் குடித்தால் இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும். பெரும்பாலும் அதை நிறுத்துவது நம் உடலின் எதிர்ப்பாற்றலே. அவ்வாற்றல் குன்றியவர்க்கு அதே பேதி வாரக்கணக்கில் நீண்டு உயிரையே குடிக்கக்கூடும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றோரும் எச்.ஐ.வி. முற்றியோரும் இத்தகையோர்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டறியப்பட்டது 1986-இல். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி சென்னையில் திரட்டிய இரத்தம் வேலூரில் சோதிக்கப்பட்டது.

இந்நோயாளிகளின் பேதிக்குப் பல கிருமிகள் காரணமாகலாம். கிரிப்டோஸ்போரிடியம், ஐசோஸ்போரா ஆகிய இரண்டும் அவற்றுள் முக்கியமானவை. சாதாரண மலச் சோதனையில் இவை தப்பிவிடும். காசநோய்க் கிருமியைக் காட்டும் சாய முறையைச் சிறிது மாற்றிக் கையாண்டால் இரண்டும் சிவந்து தோன்றும். முன்னது சிறு உருண்டை. பின்னது பெரிய நீள்வட்டம். ஒருநாள் மலத்தில் காணாதது மறுநாள் அகப்படலாம்.

பெயரறிந்து ஆவதென்ன? ஐசோஸ்போராவுக்குக் கோட்ரைமாக்சசோல் என்னும் மலிவான மாத்திரை போதும். கிரிப்டோஸ்போரிடியத்துக்கோ எதிர்ப்பாற்றலை மீட்பதே முதன்மை மருந்து, எச்.ஐ.வி.க்குரிய கூட்டு மருந்துகள் அதைச் செய்கின்றன. எதுவாயினும், இழந்த நீரையும் உப்பையும் உடனே ஈடுசெய்ய வேண்டும்.

குளோரினுக்குக் கிரிப்டோஸ்போரிடியம் எளிதில் அஞ்சாது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குழாய்நீர் வழியே சுமார் 4 லட்சம் பேரை அது வாட்டியதாக மதிப்பிடப்பட்டது. கொதிநீருக்கு அது மடியும்.

நண்பர்களே, நீரைக் கொதிக்கவைத்துக் குடிப்போம். பேதி நீடித்தால் மலச் சோதனைக்கு நாணாதிருப்போம்!