ஆப் செய்யணும்: நாமே எழுதலாமா, வெளியே கொடுக்கலாமா?

'நாலு டெவலப்பரை வேலைக்கு எடுத்து நாமே செஞ்சிடலாமா, இல்ல ஏதாவது கம்பெனிகிட்ட கொடுத்துடலாமா?' புதிதாக ஆப் தொடங்கும் எந்த நிறுவனத்திலும் இந்தப் பேச்சு வரும். பெரும்பாலும் 'எது சீப்?' என்பதோடு முடிந்தும்விடும். அதைவிட முக்கியமான ஒரு கேள்வி இருக்கிறது. அமெரிக்க கார் வாடகை நிறுவனமான ஹெர்ட்ஸ் தொடுத்த வழக்கு அதற்கு நல்ல உதாரணம்.

2016-ல் தன் இணையதளத்தையும் ஆப்பையும் புதிதாக உருவாக்கும் வேலையை ஆக்சென்ச்சரிடம் கொடுத்தது ஹெர்ட்ஸ். அவ்வளவு பெரிய வேலைக்கான ஆட்களும் அனுபவமும் தன்னிடம் இல்லை என்பது ஹெர்ட்ஸே சொன்ன காரணம். 2017 டிசம்பரில் தளம் வெளியாக வேண்டும். தேதி ஜனவரிக்குத் தள்ளிப்போனது, பிறகு ஏப்ரலுக்கு. தளம் வரவே இல்லை. 2019 ஏப்ரலில், கட்டணமாகக் கொடுத்த 3.2 கோடி டாலரைத் திருப்பிக் கேட்டு நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனது ஹெர்ட்ஸ்.

மொபைல், டேப்லெட், கம்ப்யூட்டர் என மூன்று அளவுத் திரைகளுக்கும் கேட்டோம். டேப்லெட்டை விட்டுவிட்டு, அதற்குத் தனியாகப் பணம் கேட்டார்கள் என்பது ஒரு புகார். ஹெர்ட்ஸின் துணை பிராண்டுகளான டாலர், திரிஃப்டிக்கும் பயன்பட வேண்டிய கோடு, வட அமெரிக்க ஹெர்ட்ஸுக்கு மட்டுமே எழுதப்பட்டது என்பது இன்னொன்று. குற்றச்சாட்டுகளுக்கு அடிப்படையே இல்லை என்றது ஆக்சென்ச்சர்.

யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். மனுவில் ஹெர்ட்ஸ் எழுதிய ஒரு விஷயம்தான் கவனிக்க வேண்டியது: தேவைகளைச் சேகரித்தது, டிசைன் செய்தது, அந்த டிசைன் தேவைக்குப் பொருந்துகிறதா என்று முடிவு செய்தது, எல்லாமே ஆக்சென்ச்சர்தானாம். அதாவது, பரீட்சை எழுதியவரிடமே பேப்பர் திருத்தவும் கொடுத்தாச்சு!

கோடு எழுதுவதை வெளியே கொடுப்பதில் தப்பே இல்லை. ஆறு மாத வேலைக்காக நிரந்தர டீம் வைத்தால், வேலை முடிந்த பிறகும் சம்பளம் போய்க்கொண்டே இருக்கும். சம்பளப் பட்டியல், கணக்கு போன்றவற்றுக்கு ரெடிமேடாகக் கிடைப்பதே போதும். ஆனால் வாடிக்கையாளர் எதற்காக உங்களிடம் வருகிறாரோ, அந்தப் பகுதியைப் புரிந்துகொண்டு 'இது சரியில்ல, மாத்துங்க' என்று சொல்லத் தெரிந்த ஒருவராவது உங்கள் சம்பளத்தில் இருக்க வேண்டும். வெண்டரைத் தேர்வு செய்வதற்கு முன்பே அவரை எடுத்துவிடுவது நல்லது.

கான்ட்ராக்ட்டில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி, ஊழியர் வேலையின் பகுதியாக எழுதும் கோடு பொதுவாக நிறுவனத்துக்கே சொந்தம். வெளியாள் எழுதினால் அப்படி இல்லை. 'அதான் பில் கட்டிட்டோமே' என்பது போதாது. உரிமையை மாற்றித் தருவதாக அவர் எழுத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள்தான். எந்தெந்த நாடுகள் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். நாளைக்கு துபாயிலோ சிங்கப்பூரிலோ ஆப்பை வெளியிட நினைப்பவர்கள் இந்த இரண்டு வரிகளை இன்றே தேடிப் பார்க்கலாம். அப்படியே கிளவுட் அக்கவுன்ட்டும் ஆப் ஸ்டோர் லாகினும் யார் பெயரில் இருக்கின்றன என்பதையும்.