முந்திக்கொள்பவருக்கு ஆங்கிலத்தில் எத்தனை பெயர்! தெரியுமா?

ஒரு விநாடியை ஆயிரம் துண்டாக வெட்டுங்கள். அதில் ஒரே ஒரு துண்டு முந்தியதற்காக, உலகச் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியிலிருந்து ஒரு வீரரை வெளியேற்றினார்கள். தெரியுமா?

2022 ஜூலை, அமெரிக்காவின் யூஜீன் நகரம். 110 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம். துப்பாக்கி வெடித்த 0.100 விநாடிக்குள் ஒருவர் கிளம்பிவிட்டால், அவர் சத்தத்தைக் கேட்டு ஓடவில்லை, முன்கூட்டியே ஓடிவிட்டார் என்பது விதி. டெவான் ஆலனின் கணக்கு 0.099! போச்சு! அதுவும் அவர் படித்த பல்கலைக்கழகத்தின் மைதானத்திலேயே!

அவசரப்பட்டு முந்துவதை ஆங்கிலத்தில் ‘ஜம்ப்பிங் தி கன்’ என்கிறார்களே, அது இந்தத் துப்பாக்கிதான்! 2011இல் தென்கொரியாவின் டேகு நகரில் உசைன் போல்ட்டே இதில் சிக்கினார். 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஓடாமலே வெளியேறினார்!

இன்னொன்று தெரியுமா? துப்பாக்கிக்கு அருகில் நிற்பவருக்குச் சத்தம் முதலில் கேட்கும். எட்டாவது தடத்தில் இருப்பவருக்கு அது போய்ச் சேர ஏறத்தாழ 0.025 விநாடி கூடுதலாகும். அது அநியாயம் அல்லவா? அதனால் ஒவ்வொருவரின் முதுகுக்குப் பின்னாலும் ஒரு ஒலிபெருக்கி வைத்துவிட்டார்கள்!

சாதகமான இடத்தில் இருப்பவருக்கு ‘இன்சைட் டிராக்’ கிடைத்திருக்கிறது என்பார்கள். உள்தடம் என்றால் சுற்று சின்னது. 400 மீட்டர் மைதானத்தில் முதல் தடத்தைவிட எட்டாவது தடத்தின் சுற்று எவ்வளவு நீளம் தெரியுமா? 53 மீட்டர்! அதனால்தான் வெளித்தடத்துக்காரரை முன்னால் தள்ளி நிறுத்துகிறார்கள். தூரம் சமமாகிவிடும். ஆனால் பாவம், அவருக்கு வளைவில் எதிராளி ஒருவர்கூடக் கண்ணில் படமாட்டார்!

அந்த எட்டாவது தடத்தில் ஓடித்தான் 2016 ரியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவின் வேய்ட் வான் நீகெர்க் 400 மீட்டரை 43.03 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார்! 1999இலிருந்து அசையாமல் நின்ற மைக்கேல் ஜான்சனின் சாதனை தகர்ந்தது! பயிற்சி கொடுத்தவர் யார் தெரியுமா? ஆன்ஸ் போத்தா என்ற 74 வயதுக் கொள்ளுப்பாட்டி!

‘போல் பொசிஷன்’? கார் பந்தயச் சொல் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை! குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது! தடத்தின் உள்ளோரத்தில் ஒரு கம்பம் நடுவார்கள். அதை ஒட்டி நிற்கும் குதிரைக்கு யோகம்! ஃபார்முலா ஒன்னில் இந்த இடத்துக்காகவே தனிப் போட்டி நடக்கிறது. மொனாக்கோவின் குறுகிய தெருக்களில் முன்னால் போகும் காரை முந்துவது குதிரைக்கொம்பு. 1988இல் அங்கே அயர்ட்டன் சென்னா அடுத்தவரைவிட 1.427 விநாடி வேகமாக ஓட்டி முதலிடம் பிடித்தார். பந்தயத்திலும் வெகுதூரம் முன்னால் பறந்தார். ஆனால் 67ஆவது சுற்றில் தடுப்பில் மோதினார்! நேராகத் தன் வீட்டுக்கே நடந்து போய்விட்டார்!

1996இல் அதே மொனாக்கோவில் 14ஆவது இடத்தில் கிளம்பிய ஒலிவியே பானிஸ் வென்றார்! முடிவுக் கொடியை ஓடியபடியே கடந்தவை மூன்றே மூன்று கார்கள்!

இது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் கதை ஒன்று சொல்லட்டுமா? நல்ல தொடக்கத்துக்கு ‘ஃப்ளையிங் ஸ்டார்ட்’ என்பார்கள். பிரான்சின் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஓட்டுநர்கள் சாலைக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள், கொடி அசைந்ததும் ஓடிவந்து காரில் தாவி ஏறிப் பறப்பார்கள். சில விநாடி மிச்சம் பிடிக்க இருக்கைப் பட்டியைக்கூடப் பலர் மாட்டமாட்டார்கள்! 1969இல் ஜாக்கி இக்ஸ் என்ன செய்தார் தெரியுமா? எல்லோரும் ஓட, அவர் மட்டும் நடந்து போனார்! நிதானமாகப் பட்டியை மாட்டினார். கடைசி ஆளாகக் கிளம்பினார். அன்று முதல் சுற்றிலேயே ஒரு ஓட்டுநர் விபத்தில் உயிரிழந்தார். மறுநாள், ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் ஓடி முடித்தபோது முதலில் வந்த கார் எது? இக்ஸுடையது! வித்தியாசம் வெறும் 120 மீட்டர் அளவுதான்! அடுத்த ஆண்டே அந்த ஓட்ட வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். ஓடாமல் நடந்த ஒரு மனிதரின் துணிச்சலை நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது!

முந்திப் போய் ஏமாற்றியவர்களின் பெயரே ஒரு மாநிலத்தின் செல்லப்பெயர் ஆனது தெரியுமா? அமெரிக்காவின் ஓக்லஹோமாதான் அது! 1889 ஏப்ரல் 22, நண்பகல் 12 மணி. நிலம் பிடிக்க எல்லையில் ஏறத்தாழ 50,000 பேர்! குதிரை, வண்டி, ரயில் என்று கிடைத்ததில் எல்லாம் காத்திருந்தார்கள். சமிக்ஞை கிடைத்ததும் பாய்ந்து, கண்ட இடத்தில் குச்சி நட்டால் 160 ஏக்கர் வரை சொந்தம்! மாலைக்குள் கத்ரி என்ற இடத்தில் ஏறத்தாழ 10,000 பேர் கொண்ட கூடார நகரமே முளைத்தது! ஆனால் சிலர் முந்தைய இரவே உள்ளே பதுங்கி நல்ல மனைகளைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள்தான் ‘சூனர்’கள், முன்கூட்டியே வந்தவர்கள்! அப்போதுதான் ஓடிவந்தது போலக் காட்டக் குதிரைக்குச் சோப்பு நுரை தடவினார்கள் என்றுகூடச் சொல்வார்கள்! இன்று ஓக்லஹோமா பல்கலைக்கழக அணிகளின் பெயரே சூனர்ஸ்! அந்த நிலத்தில் அதற்கு முன்பே உரிமை கொண்டிருந்தவர்கள் கிரீக், செமினோல் பழங்குடியினர் என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

‘ஏர்லி பேர்ட்’! அதிகாலைப் பறவைக்கே புழு என்ற பழமொழியிலிருந்து வந்த இந்தப் பெயரில் ஒரு செயற்கைக்கோள் இருக்கிறது தெரியுமா? 1965 ஏப்ரல் 6 அன்று ஏவப்பட்டது. வணிகத் தொலைத்தொடர்புக்காகப் புவியிணைவுப் பாதைக்குப் போன முதல் செயற்கைக்கோள் இதுதான்! எடை 35 கிலோகூட இல்லை. ஓய்வு கொடுத்து உட்கார வைத்த இதை, 1969இல் நிலவுப் பயணத்தின்போது வேறொரு செயற்கைக்கோள் பழுதானதும் மறுபடி எழுப்பி வேலை வாங்கினார்கள்!

‘வெதர் கேஜ்’ கேள்விப்பட்டதுண்டா? பாய்மரக் கப்பல் காலத்துச் சொல். காற்று வரும் திசையில் நிற்பவரே எப்போது மோதுவது என்று தீர்மானிப்பார். 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் அந்த இடம் பிரிட்டிஷ் தளபதி நெல்சனுக்கு. 27 கப்பல்களோடு 33 கப்பல்களை எதிர்த்தார். தன் பக்கம் ஒன்றுகூடப் பறிபோகவில்லை!

சதுரங்கத்தில் வெள்ளைக்கு ‘ஃபர்ஸ்ட் மூவ்’. அந்த முதல் நகர்த்தலாலேயே 100 புள்ளியில் 52 முதல் 56 வரை வெள்ளை அள்ளிவிடுகிறது! ஆனால் 2024 உலகச் சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்தில் வென்றது கறுப்பு! 14ஆவது, கடைசி ஆட்டத்திலும் கறுப்பு! அந்தக் கடைசிக் கறுப்புக்காய்களுக்குப் பின்னால் இருந்தவர் யார்? நம்ம சென்னையின் குகேஷ்! அப்போது வயது 18!

எதிரிக்குத் தெரியாமல் முந்துவதற்கு ‘ஸ்டீல் எ மார்ச்’ என்று பெயர், அதாவது படைநடையைத் திருடுவது! 1777 ஜனவரி 2 இரவு. டிரென்டன் நகரில் ஜார்ஜ் வாஷிங்டனைப் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் மடக்கிவிட்டார். விடிந்தால் பிடித்துவிடலாம் என்று காத்திருந்தார். வாஷிங்டன் என்ன செய்தார் தெரியுமா? கூடார நெருப்புகளை எரியவிட்டார். பீரங்கிச் சக்கரங்களில் துணி சுற்றினார். சத்தமில்லாமல் இரவோடு இரவாக நழுவி, காலையில் பிரின்ஸ்டனில் போய் அடித்து வென்றார்! விடிந்து பார்த்தால் இங்கே வெறும் நெருப்பு!

அப்படி ஏமாந்த அதே கார்ன்வாலிஸ்தான் பிறகு இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்து, 1792இல் திப்பு சுல்தானின் இரண்டு மகன்களைப் பிணையாக வாங்கினார்! அவருடைய சிலை எங்கே இருக்கிறது தெரியுமா? சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில்! பீடத்தைச் சுற்றி வந்து பாருங்கள். அந்தப் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சியையே அதில் செதுக்கியிருக்கிறார்கள்!