வெள்ளெழுத்தும் பெரிய திரையும்

நாற்பது வயதைத் தாண்டியவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினால், நம் மராத்தி நண்பர்கள் ‘சாளிஷி’ வந்துவிட்டது என்பார்கள். சாளீஸ் என்றால் நாற்பது. நம் வீட்டுப் பெரியவர்கள் இதைச் ‘சாளேசுரம்’ என்றார்கள். நல்ல தமிழில் வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயது ஏற ஏற விறைத்துப் போய், கிட்டத்தில் இருப்பதற்கு ஏற்ப வளைய மறுக்கிறது. அதனால்தான் நாம் செய்தித்தாளைக் கைநீட்டித் தூரத்தில் பிடிக்கிறோம். ஒரு கட்டத்தில் கையின் நீளம் போதாமல் போகிறது.

எனக்குக் கை நீளம் போதாமல் போனது போன் விஷயத்தில்தான்.

கிங்ஸ் சர்க்கிளில் குடியிருந்துகொண்டு, மஸ்ஜித் பந்தர் பக்கத்துச் சிறு வியாபாரிகளுக்கு வரிக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். முன்பெல்லாம் கடை கடையாக ஏறி இறங்கி, பில் கட்டுகளைத் துணிப்பையில் அள்ளி வருவேன். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. மாதம் 11-ஆம் தேதி ஒரு ரிட்டன், 20-ஆம் தேதி இன்னொன்று என்று கெடு பிடித்துக்கொண்டது. கடைக்காரர்களும் பில்லைப் போட்டோ பிடித்து வாட்ஸப்பில் அனுப்பத் தொடங்கினார்கள். ‘பாய், பேஜ் தியா!’ என்பதோடு அவர்கள் பொறுப்பு முடிந்தது.

அப்போது என்னிடம் இருந்தது உள்ளங்கையில் அடங்கும் பழைய போன். கார்பன் தாளில் மங்கலாக விழுந்த எண்களை அதில் படிப்பது, கோலப்பொடியில் எறும்பைத் தேடுவது போலத்தான். ஒரு மாதம் ஒரு பில்லில் இருந்த 18,450-ஐ 13,450 என்று படித்துப் பதிந்துவிட்டேன். விற்றவர் கணக்கும் வாங்கியவர் கணக்கும் ஒத்துப்போகவில்லை. வாங்கியவர் கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார், கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். அடுத்த மாத ரிட்டனில் திருத்தும்வரை எனக்குத் தூக்கமில்லை. “கண்ணு தெரியலைன்னா வேலையை விட்டுடுங்க சார்” என்று அவர் சொன்னது மனத்தில் தைத்தது. கண்தானே எனக்குச் சோறு போடுகிறது!

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த மகள் இதைக் கேட்டுவிட்டு, மறுநாளே 6.7 அங்குலத் திரை உள்ள போன் ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்தாள். என் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னங்க, இது போனா, அப்பளம் இடுற பலகையா?” என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் ‘பலகை’ என்றே பெயர்.

பலகையைப் பார்த்துச் சிரித்தவள் என் மனைவி மட்டுமல்ல. 2007-இல் வந்த முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம். பெரிய போனைக் கையால் பிடிக்கவே முடியாது, யாரும் வாங்க மாட்டார்கள் என்று 2010-இல் சொன்னவர் சாட்சாத் ஸ்டீவ் ஜாப்ஸ். மறு ஆண்டே சாம்சங் நிறுவனம் 5.3 அங்குலத்தில் ‘கேலக்ஸி நோட்’ என்று ஒன்றை எழுதுகோலும் வைத்து வெளியிட்டது. காதில் வைத்தால் முகமே மறைகிறது என்று கேலி செய்தார்கள். ஆனால் விற்றது. 2014-இல் ஆப்பிள் நிறுவனமே 5.5 அங்குலத்துக்கு வந்து சேர்ந்தது.

இங்கே ஒரு கணக்கு. திரையின் அளவை மூலைக்கு மூலை குறுக்காக அளக்கிறார்கள். 3.5-க்கும் 6.7-க்கும் இரண்டு மடங்குகூட வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் பரப்பைக் கணக்கிட்டால், முன்னது சுமார் ஐந்தரை சதுர அங்குலம், பின்னது ஏறக்குறைய 17. மூன்று மடங்கு! கண்ணுக்குக் கிடைப்பது இந்தப் பரப்புதான்.

தமிழ் படிக்கிறவர்களுக்கு இது இன்னும் அவசியம் என்பேன். நம் எழுத்துகளில் சுழியும் கொம்பும் அதிகம். ண, ன வேறுபாடு ஒரு சுழியில் இருக்கிறது. சொற்களும் நீளமானவை. சிறிய திரையில் ஒரு வரிக்கு இரண்டு சொல்தான் நிற்கும். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி வந்த ‘தமிழ்99’ விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்கள் வலப்பக்கமும் இருக்கும். பழைய போனில் ‘க’வைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழும். பலகையில் அந்தத் தொல்லை இல்லை. இந்தக் கட்டுரையையும் மகேஸ்வரி உத்யான் பெஞ்சில் உட்கார்ந்து அதில்தான் எழுதினேன்.

குறையே இல்லையா என்றால், உண்டு. ஹார்பர் லைன் வண்டியில் ஒரு கை மேலே கைப்பிடியில் தொங்கும்போது, மறு கையின் கட்டைவிரல் திரையின் மேல் மூலைக்கு எட்டாது. எட்டி எட்டி விரலடி வலிப்பதுதான் மிச்சம். ஒற்றைக் கையால் இயக்குவதற்கென்று திரையைக் கீழே இறக்கும் வசதி பெரும்பாலான போன்களில் உண்டு. எனக்கு அது தெரியவே ஆறு மாதம் ஆயிற்று. சட்டைப் பையில் வைத்துக் குனிந்தால் நழுவும். வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனால் செருக இடமில்லை. நான் கழுத்தில் மாட்டும் நாடா ஒன்று வாங்கிவிட்டேன். பார்க்கிறவர்கள் சிரிக்கலாம், போன் கீழே விழுந்தால் நாம் அழ வேண்டும்.

இன்னொன்று, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைப்பது. 2005 ஜூலை 26-ஐ மும்பைவாசிகள் மறக்க முடியாது. சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. நம் கிங்ஸ் சர்க்கிளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், சாதாரண மழைக்கே மிதக்கும். அன்று போன் கையில் இருந்தும் பேச முடியவில்லை. அதை நினைத்துத்தான் முக்கியமான பத்து எண்களை இன்றும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறேன். கணக்குகளின் நகல் வீட்டுக் கணினியில் தனியாக இருக்கிறது.

எழுத்தைப் பெரிதாக்கி வைத்தால் பக்கத்தில் நிற்பவரும் படிப்பார் என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. மகளின் செய்தி, வங்கி இருப்பு எல்லாம் பெட்டி முழுவதற்கும் பொதுச்சொத்து. ஆனால் அதைக் குறை என்று இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். காரணம் இது.

சென்ற ஆண்டு என் மனைவியின் மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. திசுவை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு போனுக்கே வரும் என்றார்கள். நான்கு நாள் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஐந்தாம் நாள் மாலை மஸ்ஜித்திலிருந்து வண்டியில் வந்துகொண்டிருந்தேன். காட்டன் கிரீன் தாண்டியபோது போன் அதிர்ந்தது. திறந்தேன். முழுக்க ஆங்கில மருத்துவச் சொற்கள். எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தும் என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கை நடுங்கியது. புற்று என்று பொருள்படும் சொல் மட்டும் பளிச்சென்று கண்ணில் பட்டது. அதற்கு மேல் படிக்கத் தைரியமில்லை.

தோளுக்குப் பின்னால் நின்ற ஒரு மராத்தியப் பெரியவர், அறிமுகமே இல்லாதவர், மெல்ல என் முழங்கையைத் தொட்டார். திரையின் அடிவரியைச் சுட்டிக்காட்டி, “காள்ஜி கரு நகா பாவு, நிகெடிவ் ஆஹே” என்றார். கவலைப்படாதீர்கள், இல்லை என்றுதான் போட்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டாம் முறை படித்தேன். அவர் சொன்னது சரி. அந்தச் சொல்லுக்கு முன்னால் இருந்த ‘இல்லை’யை என் பயம் விழுங்கிவிட்டிருந்தது. பிறர் போனை எட்டிப் பார்த்ததற்கு அவர் மன்னிப்புக் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வடாலாவில் அவர் இறங்கிப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் பலகையை நீட்டினேன். அவள் கண்ணாடி இல்லாமலே அந்த அடிவரியைப் படித்தாள். பிறகு உள்ளே போய்க் காபி போட்டு வந்தாள்.

அன்றிரவு அவள் ஒரு விதி போட்டாள். சாப்பிடும்போது பலகை மேசைக்கு வரக்கூடாது. சிங்கப்பூரிலிருந்து பேரன் கூப்பிட்டால் மட்டும் விலக்கு. அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறதல்லவா? எட்டு மணிக்கு மேல் நாம் கூப்பிட்டால் அவன் தூங்கிவிடுவான். ஆகவே எட்டுக்குள் பேசிவிட்டு, போனை அலமாரியில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறோம். 20-ஆம் தேதி இரவுக்கும் விலக்குக் கேட்டுப் பார்த்தேன். “கெடு உங்களுக்குத்தானே, சாம்பாருக்கு இல்லையே” என்று சொல்லிவிட்டாள். இப்போது 19-ஆம் தேதியே வேலையை முடித்துவிடுகிறேன்.